வீட்டிலேயே யூரின் டெஸ்ட்: ஸ்ட்ரிப் ‘நெகட்டிவ்’ என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமா?

ராத்திரி 11 மணி. ஒரு மணி நேரத்தில் நாலாவது தடவை பாத்ரூம் போய்விட்டு வந்தாச்சு. போகும்போது எரிச்சல், வந்த பிறகும் இன்னும் போகணும் போலவே ஒரு உணர்வு. பக்கத்து கிளினிக் மூடியாச்சு. அம்மாவுக்கு ஃபோன் போட்டால், “சூடு பிடிச்சிருக்கும், இளநீர் குடி” என்கிறார். கையில் இருக்கிற மொபைலில் தேடினால் ஒரு விளம்பரம்: வீட்டிலேயே யூரின் டெஸ்ட், 2 நிமிடத்தில் ரிசல்ட்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டப்பா ஸ்ட்ரிப் கிடைக்கிறது. ஆர்டர் பண்ணலாமா? பண்ணினால், அதில் வரும் நிறத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாமா? பாசிட்டிவ் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய் மாத்திரை வாங்கலாமா?

இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் பார்க்கலாம். முதலில் சுருக்கமாக:

• ஸ்ட்ரிப் ஒரு துப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை. உங்கள் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.
• எரிச்சலும் அடிக்கடி போவதும் தெளிவாக இருந்தால், நெகட்டிவ் ரிசல்ட் தொற்று இல்லை என்று நிரூபிக்காது.
• அறிகுறியே இல்லாத ஒருவருக்கு வரும் பாசிட்டிவ், பெரும்பாலும் மருந்து தேவைப்படாத விஷயம். கர்ப்பிணிகள் இதற்கு முக்கியமான விதிவிலக்கு.
• காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா பக்கத்தில் முதுகு வலி, வாந்தி இருந்தால் டெஸ்ட் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

முதலில், இது என்ன தொற்று?

நம் வீடுகளில் நீர்க்கடுப்பு, சூட்டுக் கடுப்பு, நீர்க்குத்தல் என்று சொல்வதில் பெரும்பகுதி மருத்துவர்கள் யுடிஐ என்று சொல்லும் சிறுநீர்ப் பாதை தொற்றுதான். உடம்புச் சூடு இதற்குக் காரணம் இல்லை. காரணம் கிருமி. சாதாரணமாக வரும் சிறுநீர்ப் பாதை தொற்றுகளில் முக்கால் பங்குக்கு மேல் இ.கோலை என்ற பாக்டீரியாவால் வருபவை. அது நம் குடலிலேயே வாழ்வது. அங்கே இருக்கும் வரை பிரச்னை இல்லை. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, மேலேறி சிறுநீர்ப்பைக்குள் போய்விட்டால்தான் தொல்லை.

பெண்களுக்கு இது ஏன் அதிகம்? உடலமைப்புதான் காரணம். பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான். ஆண்களுக்கு அது கிட்டத்தட்ட 20 செ.மீ. கிருமி பயணிக்க வேண்டிய தூரம் அவ்வளவு குறைவு. வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்றுக்கு ஆளாகும் பெண்கள் ஏறக்குறைய பாதிப் பேர். எனவே இது ஒழுக்கம் சார்ந்த விஷயமோ, வெளியே சொல்லக் கூச்சப்பட வேண்டிய விஷயமோ இல்லை.

தொற்று சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் அது தொந்தரவு. அங்கிருந்து மேலே சிறுநீரகத்துக்கு ஏறினால் ஆபத்து. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டு டெஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று படிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொற்று எந்தப் படியில் இருக்கிறது என்பதை ஸ்ட்ரிப் சொல்லாது.

ஸ்ட்ரிப் எதைப் பார்க்கிறது?

ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன சதுரங்கள். ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு விஷயத்தைப் பார்க்கும் ரசாயனம். தொற்றைப் பொறுத்தவரை நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டே இரண்டு.

முதலாவது, லூக்கோசைட் சதுரம். தொற்று வந்தால் அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் வரும். அந்த அணுக்களில் இருக்கும் ஒரு நொதியை இந்தச் சதுரம் கண்டுபிடிக்கிறது. அதாவது இது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமியோடு சண்டை போட வந்தவர்களைப் பார்க்கிறது. சண்டை வேறு காரணத்துக்காகவும் நடக்கலாம்.

இரண்டாவது, நைட்ரைட் சதுரம். நாம் சாப்பிடும் கீரை, காய்கறிகளிலிருந்து வரும் நைட்ரேட் சிறுநீரில் இருக்கும். இ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் இருந்தால் இந்தச் சதுரம் இளஞ்சிவப்பாக மாறும். 19ஆம் நூற்றாண்டில் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டறிந்த வினைதான் இதற்கு அடிப்படை.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, எல்லாக் கிருமியும் நைட்ரைட் உண்டாக்காது. என்டரோகாக்கஸ், ஸ்டெபிலோகாக்கஸ் சாப்ரோஃபிட்டிகஸ் போன்றவை தொற்றை உண்டாக்கும், ஆனால் இந்தச் சதுரத்தில் சிக்காது. இரண்டு, நைட்ரேட் நைட்ரைட்டாக மாற சிறுநீர் சுமார் 4 மணி நேரம் பைக்குள் தங்க வேண்டும். தொற்று வந்தவர் அரை மணிக்கு ஒரு தடவை போய்க்கொண்டிருப்பார். அதாவது, நோயின் அறிகுறியே டெஸ்ட்டைத் தோற்கடிக்கிறது.

நீங்கள் வாங்கியது சரியான ஸ்ட்ரிப்தானா?

இந்தியாவில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். மெடிக்கல் ஷாப்பில் “யூரின் ஸ்ட்ரிப் கொடுங்க” என்று கேட்டால் பல நேரம் கைக்கு வருவது சர்க்கரை, புரதம் என்ற இரண்டை மட்டும் பார்க்கும் ஸ்ட்ரிப். சர்க்கரை நோயாளிகளுக்கும் கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் பயன்படுவது இதுதான். அதில் லூக்கோசைட்டும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. அதை வைத்து எத்தனை தடவை டெஸ்ட் செய்தாலும் தொற்று தெரியாது. இரண்டு சதுரமும் நிறம் மாறவில்லை என்று நிம்மதி அடைவது வெறும் ஏமாற்றம்.

டப்பாவில் லூக்கோசைட், நைட்ரைட் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 10 அம்சங்களைப் பார்க்கும் ஸ்ட்ரிப்களில் பொதுவாக இரண்டும் இருக்கும். காலாவதி தேதி, தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நோய் கண்டறியும் கருவிகள் இந்தியாவில் மருத்துவ சாதன விதிகள் 2017-இன் கீழ் வருகின்றன. உரிம விவரமே இல்லாத டப்பா என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எண்கள் என்ன சொல்கின்றன?

ஸ்ட்ரிப் எவ்வளவு துல்லியம்? இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 1991-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இரண்டு சதுரங்களில் ஏதாவது ஒன்று நிறம் மாறினால் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டால், தொற்று உள்ள 100 பேரில் 75 பேரை ஸ்ட்ரிப் சரியாகப் பிடிக்கிறது. தொற்று இல்லாத 100 பேரில் 82 பேரைச் சரியாக ‘இல்லை’ என்கிறது. அடுத்தடுத்த ஆய்வுகளில் எண்கள் கூடக் குறைய இருந்தாலும், ஒரு கணக்கு போட்டுப் பார்க்க இது போதும்.

இதே 75, 82 இரண்டு வேறு பெண்களுக்கு எவ்வளவு வேறு அர்த்தம் தருகிறது என்று பாருங்கள்.

முதல் கணக்கு: லேசான ஒரே ஓர் அறிகுறி. 2002-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, ஏதாவது ஓர் அறிகுறியோடு மருத்துவரிடம் வரும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் உண்மையில் தொற்று இருக்கிறது. அப்படி 200 பெண்கள் டெஸ்ட் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேருக்குத் தொற்று உண்டு, 100 பேருக்கு இல்லை. தொற்று உள்ளவர்களில் 75 பேருக்கு பாசிட்டிவ், 25 பேருக்கு நெகட்டிவ். தொற்று இல்லாதவர்களில் 82 பேருக்கு நெகட்டிவ், 18 பேருக்கு பாசிட்டிவ். அதாவது நெகட்டிவ் வந்த 107 பேரில் 25 பேருக்குத் தொற்று இருக்கிறது. கிட்டத்தட்ட நாலில் ஒருவர். பாசிட்டிவ் வந்த 93 பேரில் 18 பேருக்குத் தொற்று இல்லை. ஐந்தில் ஒருவர்.

இரண்டாவது கணக்கு: தெளிவான அறிகுறிகள். எரிச்சல் இருக்கிறது, அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லை. அதே 2002 ஆய்வின்படி, இப்படிப்பட்ட பெண்ணுக்குத் தொற்று இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இந்த வகையில் 200 பேரை எடுத்துக்கொண்டால், 180 பேருக்குத் தொற்று உண்டு. அதில் 135 பேரை ஸ்ட்ரிப் பிடிக்கும், 45 பேரைத் தவறவிடும். தொற்று இல்லாத 20 பேரில் 16 பேருக்கு நெகட்டிவ். ஆக நெகட்டிவ் வந்த 61 பேரில் 45 பேருக்குத் தொற்று இருக்கிறது. நாலில் மூன்று பேர்!

ஸ்ட்ரிப் அதே ஸ்ட்ரிப்தான். மாறியது உங்கள் அறிகுறி. அதனால்தான் இங்கிலாந்தின் வழிகாட்டுதல், 65 வயதுக்குக் கீழ் உள்ள, கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு எரிச்சல், ராத்திரியில் புதிதாக எழுந்து போக வேண்டியிருப்பது, சிறுநீர் கலங்கலாக இருப்பது ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே, ஸ்ட்ரிப் இல்லாமலே தொற்று என்று கருதச் சொல்கிறது.

அப்படியானால் ஸ்ட்ரிப் எப்போது உதவும்? ‘இருக்குமோ, இருக்காதோ’ என்று நிற்கும் இடத்தில். தெளிவில்லாத அறிகுறியோடு இரண்டு சதுரமும் பாசிட்டிவ் என்றால், மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அது சொல்கிறது. இரண்டும் நெகட்டிவ் என்றால், வேறு காரணமும் இருக்கலாம் என்று யோசிக்க வைக்கிறது. அவ்வளவுதான்.

எப்படிச் செய்வது?

தப்பாகச் செய்தால் மேலே சொன்ன 75-உம் 82-உம் கூடக் கிடைக்காது. வரிசையாகப் பாருங்கள்.

1. முடிந்தால் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர். இல்லையென்றால் குறைந்தது 4 மணி நேரம் தங்கியது. அடக்க முடியவில்லை என்றால் கஷ்டப்பட்டு அடக்க வேண்டாம். ஆனால் நைட்ரைட் நெகட்டிவ் வந்தால் அதை நம்ப வேண்டாம்.

2. டெஸ்ட் செய்வதற்கு முன்பு ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள். சிறுநீர் நீர்த்துப் போய் டெஸ்ட் தவறவிடும். முதலில் மாதிரி, அப்புறம் தண்ணீர்.

3. கையைக் கழுவுங்கள். பிறப்புறுப்பைத் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள். கிருமிநாசினி திரவம் வேண்டாம்.

4. முதலில் வரும் சிறிதளவை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான கப்பில் பிடியுங்கள். லேப்களில் “மிட் ஸ்ட்ரீம்” என்று சொல்வது இதைத்தான். முதலில் வருவதில் தோலில் இருக்கும் கிருமிகளும் வெள்ளைப்படுதலும் கலந்திருக்கும்.

5. ஸ்ட்ரிப்பை முக்கி உடனே எடுத்து, விளிம்பை கப்பில் தட்டி, கிடைமட்டமாகப் பிடியுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் ஒரு சதுரத்தின் ரசாயனம் வழிந்து அடுத்ததில் கலக்கும்.

6. மொபைலில் டைமர் வையுங்கள். பொதுவாக நைட்ரைட்டை 60 நொடியிலும், லூக்கோசைட்டை 2 நிமிடத்திலும் பார்க்க வேண்டும். உங்கள் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்தான் இறுதி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்த நிறத்துக்கு அர்த்தம் கிடையாது.

7. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் இளஞ்சிவப்பு தெரியாது. ஒரு ஃபோட்டோ எடுத்து நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

டப்பாவை உடனே மூடுங்கள். காற்றும் ஈரமும் பட்ட நைட்ரைட் சதுரம், தொற்றே இல்லாமலும் இளஞ்சிவப்பாகும். பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜிலும் வேண்டாம். மூடிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்ட்ரிப்பை ஏமாற்றும் விஷயங்கள்

• விட்டமின் சி மாத்திரை: அதிக அளவில் எடுத்துக்கொண்டால் பல ஸ்ட்ரிப்களில் பாசிட்டிவ் வர வேண்டியது நெகட்டிவாகத் தெரியும். சளிக்காகச் சப்பிச் சாப்பிடும் மாத்திரையும் கணக்கில் சேரும்.
• நிறம் மாற்றும் மருந்துகள்: காசநோய்க்கான ரிஃபாம்பிசின், எரிச்சலுக்குத் தரப்படும் ஃபெனசோபைரிடின் இரண்டும் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அந்த நிறத்தில் ஸ்ட்ரிப்பைப் படிக்கவே முடியாது.
• வெள்ளைப்படுதல், மாதவிடாய்: வெள்ளைப்படுதல் கலந்தால் லூக்கோசைட் பாசிட்டிவாகும், மாதவிடாய் நேரத்தில் ரத்தச் சதுரம் பாசிட்டிவாகும்.
• சர்க்கரை நோய் மாத்திரை: டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேலை செய்யும் விதமே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதுதான். எனவே ஸ்ட்ரிப்பின் சர்க்கரைச் சதுரம் அடர்நிறமாக மாறினால் பதறாதீர்கள், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் இந்த மாத்திரைகளால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்பும் எரிச்சலும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.
• ஏற்கெனவே போட்ட ஆன்டிபயாட்டிக்: ஒரு வேளை மாத்திரை உள்ளே போனாலே ஸ்ட்ரிப்பும் கல்ச்சரும் குழம்பும்.

லூக்கோசைட் பாசிட்டிவ், ஆனால் கிருமி வளரவில்லை என்று லேப் சொன்னால்? பாலுறவு மூலம் பரவும் கிளமிடியா போன்ற தொற்றுகளிலும், சிறுநீரகக் கல்லிலும் இப்படி வரலாம். இந்தியாவில் மறக்கக் கூடாத இன்னொரு காரணம் சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் காசநோய். திரும்பத் திரும்ப இப்படி வந்தால், “மறுபடியும் யுடிஐ” என்று ஐந்தாவது கோர்ஸ் மாத்திரை போடுவதற்கு முன்னால் இதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வயதான பெற்றோருக்கு டெஸ்ட் செய்யலாமா?

வேலைக்காக வெளியூரில் இருப்பவர்கள் வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு பிபி மெஷின், குளுக்கோமீட்டரோடு யூரின் ஸ்ட்ரிப்பும் வாங்கி அனுப்புவது உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கேதான் ஸ்ட்ரிப் அதிகமாகத் தவறான வழி காட்டுகிறது.

வயதானால் பலருடைய சிறுநீர்ப்பையில் பாக்டீரியா எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். முதியோர் இல்லங்களில் வசிக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் டியூப் வைத்திருப்பவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். இவர்களுக்கு எப்போது ஸ்ட்ரிப் வைத்தாலும் பாசிட்டிவ்தான். அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், அறிகுறி இல்லாத இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து டெஸ்ட் செய்யவும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக் தரவும் வேண்டாம் என்கிறது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் சில வகை அறுவை சிகிச்சை செய்யப் போகிறவர்களும் விதிவிலக்கு. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்ட்ரிப்பை வைத்துத் தொற்றை முடிவு செய்யவே கூடாது என்பது விதி.

இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், அம்மா திடீரென்று குழப்பமாகப் பேசுகிறார், ஸ்ட்ரிப் பாசிட்டிவ், “யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்” என்று முடிவு செய்துவிடுகிறோம். உண்மைக் காரணம் உடம்பில் நீர் வற்றியதாகவோ, சோடியம் குறைந்ததாகவோ, புதிதாகச் சேர்த்த மாத்திரையாகவோ, பக்கவாதமாகவோ இருக்கலாம். திடீர்க் குழப்பம் என்றால் ஸ்ட்ரிப்பைத் தேடாதீர்கள், ஆட்டோவைத் தேடுங்கள்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

மேலே சொன்ன விதி கர்ப்பிணிகளுக்கு அப்படியே தலைகீழ். அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் பாக்டீரியா இருந்தாலும் சிகிச்சை தேவை. கர்ப்பிணிகளில் சுமார் 2 முதல் 10 சதவீதம் பேருக்கு இப்படி இருக்கும். கவனிக்காமல் விட்டால் அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறலாம். அது தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து.

“செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் யூரின் டெஸ்ட் பண்றாங்களே” என்று நீங்கள் நினைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை மையத்திலும் ஒவ்வொரு செக்கப்பிலும் ஸ்ட்ரிப்பில் பார்ப்பது புரதமும் சர்க்கரையும். ரத்த அழுத்தப் பிரச்னையையும் சர்க்கரையையும் கண்டுபிடிக்க அது அவசியம். ஆனால் அது தொற்றுக்கான டெஸ்ட் இல்லை. உலக சுகாதார அமைப்பின் 2016 பரிந்துரை, கர்ப்பிணிகளுக்கு அறிகுறியற்ற தொற்றைக் கண்டறிய கல்ச்சர் டெஸ்ட்தான் சரியான வழி என்கிறது. எனவே உங்கள் செக்கப்பில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “எனக்கு யூரின் கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?”

கர்ப்பகாலத்தில் சொந்தமாக ஆன்டிபயாட்டிக் வாங்குவது கூடவே கூடாது. சில மருந்துகள் முதல் மூன்று மாதத்தில் ஆகாது, சில பிரசவம் நெருங்கும்போது ஆகாது.

வேறு யாரெல்லாம் வீட்டு டெஸ்ட்டை நம்பி இருக்கக் கூடாது? ஆண்கள், சிறு குழந்தைகள், சிறுநீரகக் கல் அல்லது சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் உள்ளவர்கள், டியூப் வைத்திருப்பவர்கள். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், ஸ்ட்ரிப் நெகட்டிவ் என்பதற்காக வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

பாசிட்டிவ் வந்தாச்சு, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கலாமா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஸ்ட்ரிப் ‘தொற்று இருக்கலாம்’ என்று மட்டும்தான் சொல்கிறது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லாது. அதைச் சொல்வது யூரின் கல்ச்சர். லேபில் கிருமியை வளர்த்து, எந்த ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள். 2 முதல் 3 நாட்கள் ஆகும். இந்தியாவில் அந்தத் தகவல் வேறு பல நாடுகளைவிட அதிகம் தேவை. ஏன்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர், பெரிய மருத்துவமனைகளின் வலைப்பின்னலில் கிருமிகளைத் தொடர்ந்து கண்காணிக்கிறது. 2017-இல் அங்கே சோதிக்கப்பட்ட இ.கோலை கிருமிகளில் சுமார் 81 சதவீதம், இமிபெனெம் என்ற கடைசிக் கட்ட ஊசி மருந்துக்குக் கட்டுப்பட்டன. 2023-இல் அது சுமார் 63 சதவீதம். ஆறு ஆண்டில் இவ்வளவு சரிவு. இவை பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளின் எண்கள், தெருமுனை கிளினிக்கில் இருக்கும் நிலைமை இவ்வளவு மோசம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் போகும் திசை தெளிவு. மெடிக்கல் ஷாப்பில் யூரின் எரிச்சலுக்கு வழக்கமாக எடுத்துத் தரும் சிப்ரோஃப்ளோக்சசின் வகை மாத்திரைகளுக்கு, அதே கண்காணிப்பில் பாதிக்கும் குறைவான இ.கோலை கிருமிகளே கட்டுப்படுகின்றன. அதாவது நீங்கள் சொந்தமாக வாங்கும் மாத்திரை வேலை செய்யாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதற்குள் மூன்று நாள் போயிருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. சிறுநீர்ப்பையோடு நின்ற தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின், ஃபாஸ்ஃபோமைசின் என்ற பழைய மருந்துகள் இந்தியாவில் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. இவை இரண்டும் சிறுநீரகம் வரை போன தொற்றுக்குப் போதாது. எது உங்களுக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஆன்டிபயாட்டிக்குகள் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. அதிலும் செஃபிக்சிம், லெவோஃப்ளோக்சசின் உள்ளிட்ட பல மருந்துகள் 2014 மார்ச் முதல் ‘ஹெச்1’ பட்டியலில் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர் நோயாளி, மருத்துவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நடைமுறை எப்படி இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கடைக்காரர் கொடுக்கிறார் என்பதாலேயே அது உங்களுக்குச் சரியான மருந்தாகிவிடாது. போன வருஷம் மிச்சம் இருந்த நாலு மாத்திரையும் அப்படித்தான்.

கல்ச்சர் கொடுப்பதாக இருந்தால் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். லேப் தரும் சுத்திகரிக்கப்பட்ட டப்பாவில் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் சேருங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் கிருமி பெருகி ரிசல்ட்டே மாறிவிடும்.

அப்போ இன்று ராத்திரி என்ன செய்வது?

காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை, நீங்கள் கர்ப்பிணி இல்லை என்றால், காலை வரை காத்திருக்கலாம். மாதிரி எடுத்த பிறகு தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போடலாம். இளநீர், மோர், பார்லித் தண்ணீர் எல்லாம் திரவம் என்ற வகையில் நல்லதுதான், கிருமியைக் கொல்லும் என்று நினைக்காதீர்கள். எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் தரும் ஆல்கலைசர் சிரப்பும் தொற்றைக் குணமாக்காது. சிறுநீர் காரத்தன்மை அடைந்தால் நைட்ரோஃபுரான்டோயின் சரியாக வேலை செய்யாது. எனவே சிரப் குடித்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் குடிப்பதன் பலன் வருமுன் காப்பதில்தான் அதிகம். அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களிடம் பல்கேரியாவில் ஓர் ஆண்டு நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. வழக்கத்தைவிட தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஆண்டில் சராசரியாக 1.7 தடவை தொற்று வந்தது. மற்றவர்களுக்கு 3.2 தடவை. தண்ணீர் பாட்டில் விற்கும் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் அதே பலன்தான். வெளியே டாய்லெட் சரியில்லை என்று ஆபீஸிலும் பஸ்ஸிலும் தண்ணீரே குடிக்காமல், அடக்கிக்கொண்டு இருப்பவர்களுக்கு இந்த எண்கள் முக்கியம். அந்தப் பழக்கத்துக்குப் பொறுப்பு பெண்கள் மட்டும் இல்லை, டாய்லெட் கட்டாதவர்களும்தான்.

காலை வரை காத்திருக்கக் கூடாதது எப்போது?

• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• விலா எலும்புக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம் வலி
• வாந்தி, எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாமை
• சிறுநீரில் ரத்தம் கட்டியாக வருவது, அல்லது சிறுநீரே வராமல் போவது
• மூச்சு வாங்குதல், தலைசுற்றல், குழப்பம்
• கர்ப்ப காலம்

இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவோ, அருகில் திறந்திருக்கும் எந்த மருத்துவமனையோ, உடனே போங்கள். வண்டி இல்லை என்றால் 108.

நாளைக்கு இதைவிட நல்ல டெஸ்ட் வருமா?

வரும் வழியில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் தவறாகப் பயன்படுவதைத் தடுக்கும் வேகமான டெஸ்ட்டுக்காக பிரிட்டனில் 2014-இல் அறிவிக்கப்பட்ட லாங்கிடியூட் பரிசு, 2024 ஜூனில் ஸ்வீடனைச் சேர்ந்த சிஸ்மெக்ஸ் ஆஸ்ட்ரேகோ நிறுவனத்துக்குக் கிடைத்தது. பரிசுத் தொகை 80 லட்சம் பவுண்ட். அவர்களுடைய கருவி 15 நிமிடத்தில் பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்றும், 45 நிமிடத்தில் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்றும் சொல்கிறது. ஆனால் அது கிளினிக்கில் வைக்கும் கருவி, வீட்டுக்கானது அல்ல.

அதுவரை உங்கள் கையில் இருப்பது இரண்டு சதுரங்கள்தான். அவற்றை வாங்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் உடம்பு ஒன்று சொல்கிறது, ஸ்ட்ரிப் வேறொன்று சொல்கிறது என்றால், உடம்பு சொல்வதைக் கேளுங்கள். ஸ்ட்ரிப்பின் ஃபோட்டோவோடு நாளைக் காலை மருத்துவரைப் பாருங்கள்.